ஒரே பக்கம் இழுத்த படங்கள்

பழைய கேமரா ஒன்றை வாங்கிய புதிதில் எனக்கு எல்லாம் தெரியும் என்ற நினைப்பு. தொழிற்சாலையில் என் பிழைப்பே கேமராவோடுதானே! ஒரகடத்தில் நான் இருந்த லைனில், பெல்ட்டில் வரும் கறுப்பு ரப்பர் வளையங்களை மேலே இருக்கும் கேமரா ஒவ்வொன்றாகப் படம் பிடிக்கும். விளிம்பு தெளிவாக இல்லையென்றால் ரிஜெக்ட். அந்தக் கேமராவுக்கு செட்டிங் வைப்பவன் நான்.

வளையங்களை பெல்ட்டில் வைக்க ஒரு புதுப் பெண் வந்திருந்தாள். பிள்ளைப்பாக்கத்துக்காரி, மூன்று மாத ஒப்பந்தம். அவள் வந்த வாரத்திலிருந்தே ரிஜெக்ட் ஏறியது. சூப்பர்வைசர் காலை மீட்டிங்கில் எல்லோர் முன்னாலும் ஒரு படத்தை நீட்டினார். விளிம்பு மங்கலாக இருந்தது.

"இன்னாம்மா, ஆட்டிக்கினே வெக்கிறியா? கை நடுங்குதா? இந்த வாரமும் இப்டியே போச்சின்னா நீ வர வேணாம்."

அவள் தலைகுனிந்து நின்றாள். அவர் சொல்வது சரிதான் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் என் கேமராவை வைத்துப் பழகிக்கொண்டிருந்தேன். படத்தில் வெளிச்சம் கூட்ட மூன்று வழி. லென்ஸின் துளையைப் பெரிதாக்கலாம், ஐஎஸ்ஓ என்கிற ஒளி உணரும் திறனை ஏற்றலாம், ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைக்கலாம். மேகமூட்டமாக இருந்ததால் மூன்றாவதைச் செய்தேன். டீக்கடை போர்டு பளிச்சென்று வந்தது. அதன் முன்னால் போன கம்பெனி பஸ் மட்டும், ஷட்டர் திறந்திருந்த நேரத்துக்குள் நகர்ந்துவிட்டதால், போகும் திசையிலேயே, விரலால் இழுத்துவிட்ட மை போல இருந்தது.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று யோசித்தேன். ரிஜெக்ட் படங்கள்! அவை எல்லாமே பெல்ட் போகும் திசையில்தான் இழுத்திருந்தன. கை நடுக்கமாக இருந்தால் ஒவ்வொன்றும் ஒவ்வொரு பக்கம் மங்கியிருக்கும்.

கேமராவுக்குப் பக்கத்திலிருந்த லைட் மங்கியபோது, புதிது கேட்டு எழுதிக் கொடுக்கச் சோம்பல்பட்டு, ஷட்டர் நேரத்தைக் கூட்டி வைத்தவன் நான். பெல்ட் மெதுவாக ஓடியவரை தாங்கியது. அவள் வந்த வாரம்தான் டார்கெட்டுக்காக பெல்ட் வேகத்தை ஏற்றியிருந்தார்கள்.

திங்கட்கிழமை சீக்கிரமே போய், ஸ்டோரில் கெஞ்சி ஒரு லைட் வாங்கி மாட்டினேன். ஷட்டர் நேரத்தைக் குறைத்தேன். யாரிடமும் மூச்சு விடவில்லை. அன்றைக்கே ரிஜெக்ட் படுத்துவிட்டது. செவ்வாய் காலை சூப்பர்வைசருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"பாத்தீங்களா? ஒரு திட்டு வுட்டதும் கை சரியாயிடுச்சு."

எல்லோரும் கை தட்டினார்கள். வெட்கங்கெட்டு நானும் தட்டினேன்.

மதியம் கேன்டீனில் அவள் என் எதிரே வந்து உட்கார்ந்தாள். "அண்ணா, வூட்ல வளையல வரிசையா வெச்சி வெச்சி தெனமும் பழகினேன். அதான் சரியாயிடுச்சு" என்றாள். நான் தட்டைத் தள்ளி வைத்தேன். லைட், ஷட்டர், பெல்ட், பஸ் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அவள் தன் விரல்களை விரித்துப் பார்த்தாள். "அப்போ என் கை நல்லாத்தான் இருக்குதா?"

"நல்லாத்தாம்மா இருக்கு."

"இத காலைலயே சொல்லியிருக்கலாம்லண்ணா. எல்லாரும் இருந்தாங்க."

மறுநாள் மீட்டிங்கில் சொன்னேன். தப்பு என்னுடையது, கேமரா செட்டிங்கில்தான் கோளாறு என்றேன். முன்னால் நின்றவர்களுக்கு மட்டும் கேட்கிற குரலில்தான் சொன்னேன். "சரி சரி, லைன ஓட்டுங்க" என்று சூப்பர்வைசர் முடிக்கப் பார்த்தார்.

வரிசையிலிருந்து அவள் கையைத் தூக்கினாள். "இன்னொரு வாட்டி சொல்லுங்கண்ணா. பின்னாடி நிக்கிறவங்களுக்குக் கேக்கல."