புள்ளத்தாச்சியை உள்ளே வைக்க மாட்டார்கள்

ஏழு மாத வயிற்றோடு என்னைச் சாராயம் சுமக்க வைத்தவர் என் முதலாளி. கல்வராயன் மலையடிவாரத்தில் அவருக்குக் கரும்புத் தோட்டம். நான் அங்கே களை வெட்டும் கூலி. மலையில் காய்ச்சியதை லாரி டியூபில் அடைத்துக் கள்ளக்குறிச்சிக்கு அனுப்புவதுதான் அவருடைய உண்மையான வெள்ளாமை. டியூபைப் புடவைக்குள் சுற்றிக்கொண்டால் வயிற்றோடு வயிறாகப் போய்விடும் என்று கண்டுபிடித்த மகா மூளை.

நான் தயங்கியதும் சிரித்தார். “புள்ளத்தாச்சிய எவனும் உள்ள வைக்க மாட்டான். சட்டமே அப்பிடித்தான். மாட்னாலும் அன்னிக்கே ஜாமீன்ல எடுத்துடுறேன், போ.”

கச்சிராயபாளையம் பஸ்ஸில் மாட்டினேன். வாக்குக் கொடுத்திருக்கிறாரே என்று அவர் பெயரைச் சொல்லவில்லை. ஜெயிலில் வைத்தார்கள். என் வீட்டுக்காரர் கேரளாவில் கல்லுடைக்கப் போயிருந்தார், தகவல் சொல்லக்கூட ஆளில்லை. மனுப் போட்டுக் கைதிகளைப் பார்க்க யார் வந்தாலும் கம்பிக்கு அந்தப் பக்கம் முதலாளி முகத்தைத் தேடினேன். அவர் வரவே இல்லை.

இலவச சட்ட உதவி வக்கீலம்மா ஒருவர் வந்தார். கர்ப்பிணியை உள்ளே வைக்கவே கூடாது என்று சட்டம் இல்லையாம். ஆனால் பெண் என்பதற்காகவே கோர்ட் ஜாமீன் தரலாமாம். இரண்டு பேர் பொறுப்பேற்றுக் கேட்டிருந்தால் எப்போதோ வெளியே வந்திருப்பேன் என்றார். பாலும் முட்டையும் தர வேண்டும், பிரசவம் வெளி ஆஸ்பத்திரியில் நடக்க வேண்டும், விலங்கு போடக் கூடாது என்றும் சொன்னார். சட்டம் இத்தனை கதவு வைத்திருக்கிறது. தட்ட வேண்டியவர் கரும்புக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். எனக்காகக் கையெழுத்துப் போட்டால் தன் குட்டு உடைந்துவிடுமே. அன்றைக்குத்தான் இவனை விடுவதில்லை என்று என் வயிற்றின் மேல் கை வைத்துச் சத்தியம் செய்தேன்.

வலி கண்டதும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்க் கட்டிலோடு கையைப் பூட்டினார்கள். டாக்டரம்மா சட்டம் பேசிச் சத்தம் போட்ட பிறகுதான் கழற்றினார்கள். பெண் குழந்தை பிறந்தது.

வக்கீலம்மாவே அலைந்து என்னை ஜாமீனில் எடுத்தார். அடுத்த வருஷம் முதலாளியின் தோட்டத்தில் புதைத்திருந்த சாராயக் கேன்களைப் போலீஸ் தோண்டி எடுத்தது. நான் அங்கே கூலிக்கு இருந்தபோது அவர் நின்று புதைக்கச் சொன்னதை நேரில் பார்த்த சாட்சி நான் ஒருத்திதான்.

கோர்ட்டுக்கு முந்தின நாள் என் வீட்டுக்கு வந்தார். தனியாக வரவில்லை. நிறைமாத மகளையும் இழுத்து வந்து என் காலில் விழச் சொன்னார்.

“இந்த வயித்தப் பாத்தாவது மனசு வைம்மா. நான் உள்ள போய்ட்டா எம் பொண்ணுக்கு யாரு இருக்காங்க?”

அந்தப் பெண் குனிவதற்குள் தோளைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அவள் என்ன பாவம் செய்தாள்? உட்கார வைத்து மோர் கொடுத்தேன். அவள் குடித்து முடிக்கும்வரை பொறுத்திருந்தேன். அதுவரை அவரை ‘வாங்க, போங்க’ என்றே பேசிப் பழகிய வாய் இது.

“நீ ஒளிஞ்சிக்கினு நிக்க எப்பவும் ஒரு புள்ளத்தாச்சி வயிறு வேணுமா?” என்று கேட்டேன்.

மறுநாள் கூண்டில் ஏறி, குழி எங்கே, யார் சொல்லி வெட்டியது, யார் மூடியது, எல்லாவற்றையும் சொன்னேன். ஜெயிலுக்குப் போனார்.

பேரன் பிறந்ததும் தூக்கிக்கொண்டு போய்க் கம்பிக்கு வெளியே நின்று காட்டினார்களாம். கையில் வாங்க முடியாமல் மனுஷன் தேம்பித் தேம்பி அழுதாராம். என்ன இருந்தாலும் பாவம் என்று ஊர் பேசியது. எனக்கு வயிறு குளிர்ந்தது. அன்றைக்கு ஆட்டுக்கறி எடுத்துக் குழம்பு வைத்தேன்.