சூடு பார்த்த கை

ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். என்னைப் பார்த்துச் சிரித்தவர்கள் முன்னாலேயே ஆயர் ஈத்தாம் ஊரில் மாடிவீடு கட்டினேன், கம்ப்யூட்டர் கடையும் வைத்தேன்.

அங்கே தினமும் ஒருவர் வருவார். பிறை தொழிற்பேட்டையில் வேலை போனவர். ஒல்லி, கழுத்துவரை பொத்தான் போட்ட சட்டை. இணையம் பார்க்கும் பெரிய மென்பொருள் ஒன்றின் மூல நிரலை அதைச் செய்த கம்பெனிக்காரர்கள் எல்லாருக்கும் திறந்து விட்டிருந்தார்கள். அந்த நிரலிலிருந்து ஓடுகிற மென்பொருளை முழுதாக உருவாக்கிக் காட்டினால் வேலை கிடைக்கும் என்று நம்பினார். காலையில் தொடங்குவது மாலையில் கடைசிக் கட்டத்தில் நின்றுவிடும். அதுவரை கம்ப்யூட்டர் பெட்டியின்மேல் கைவைத்துச் சூடு பார்த்துக்கொண்டிருப்பார்.

“என்ன தம்பி, இன்னிக்கும் செத்துச்சா?”

“துண்டெல்லாம் ரெடி அண்ணே. ஒண்ணா சேக்கிறப்பதான் மெமரி பத்தல லா.”

என் கம்ப்யூட்டர் மெமரியையும் கழற்றி மாட்டிக் கொடுத்தேன். அன்றும் நின்றது. மறுநாள் அவர் வரவில்லை.

பிறகு அந்த மென்பொருளை வேறு யாரோ உருவாக்கி முடித்தார்களாம். அதற்கு உழைத்தவர்கள் பட்டியல் அந்த மென்பொருளுக்குள்ளேயே இருக்கிறதாம். அவர் பெயரை நான் கேட்டதே இல்லை. மெமரி கழற்றிக் கொடுத்த என் பெயரையாவது அதில் போடுங்கள்.