நூலில் சோதித்த பம்பு

முருங்கை மரத்துக்கும் கிணற்றடிக் கம்பத்துக்கும் நடுவே வெள்ளை நூலை இழையிழையாக இழுத்துக் கட்டி, அதன்மேல் தண்ணீரைப் பீய்ச்சிவிட்டு, மூக்கு நூலில் படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்த ஒரு மனிதர். எங்கள் பழைய வீட்டுக்காரரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது இந்தக் காட்சிதான். சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்க ஒரு பம்பு தேர்ந்தெடுக்கும் வேலையில் அவர் இருந்தார். சுவர் பக்கத்திலேயே இருந்தது. அந்தப் பக்கம் அவர் திரும்பவே இல்லை.

அது எழுபதுகளின் நடுவில். திருத்தணியில் மலையடிவாரத் தெரு ஒன்றில் அவருக்கு வரிசையாகச் சில போர்ஷன்கள் இருந்தன. முதலாவதில் அவரும் மனைவியும், மற்றவற்றில் எங்களைப் போன்ற குடித்தனக்காரர்கள். எல்லோரும் அவரை நைனா என்றுதான் கூப்பிடுவோம். பொதட்டூர்பேட்டையில் தறி வைத்து லுங்கி நெய்தவர், முதுகு வலி வந்து தறியை விட்டுவிட்டு இங்கே வந்து வீடு கட்டியிருந்தார். தறியை விட்டாரே தவிர தறி அவரை விடவில்லை. ரசம் நீர்த்திருந்தால் "ஊடை கம்மியா கீது" என்று, குறுக்கு நூல் குறைந்த துணியைப் பார்த்ததுபோல மனைவியிடம் சொல்வார். மழை சாய்ந்து பெய்தால், நெடுக்கு நூல் சாய்ந்ததுபோல, பாவு கோணிப்போச்சு என்பார். அந்த அம்மாள் இதற்கெல்லாம் பதில் சொல்லிப் பதில் சொல்லி, கடைசியில் பதில் சொல்வதை நிறுத்தியிருந்தார்.

எங்கள் போர்ஷனில் நானும் அம்மாவும் மட்டும். அப்பா இல்லை. அம்மா பள்ளிக்கூட டீச்சர். நான் அரக்கோணத்தில் ஓர் அலுவலகத்தில் டைப்பிஸ்ட். எங்களுக்கு முன்னால் அங்கே குடியிருந்தவர்கள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே காலம் தள்ளியிருக்க வேண்டும். கூடத்துச் சுவரில், தலை எண்ணெய் ஊறிய வட்டங்கள் உயரவாரியாக நின்றன. அப்பா தலை, அம்மா தலை, பிள்ளைகள் தலை என்று பிரித்துச் சொல்லிவிடலாம். எனக்கு வந்த முதல் வரனின் தாயார், என்னைப் பார்த்ததைவிட அந்த வட்டங்களைத்தான் அதிக நேரம் பார்த்தார். வீடு இருட்டடித்துக் கிடக்கிறது, குடும்பமும் அப்படித்தான் இருக்கும் என்று தரகரிடம் சொல்லி அனுப்பிவிட்டார்கள். அந்த வரன் போனதில் எனக்கு வருத்தமே இல்லை. அடுத்து வரவிருந்த வரன் அப்படியல்ல.

ஏனென்றால் அந்த ஆளை எனக்குத் தெரியும். நகரியிலிருந்து வரும் ரயிலில் தினமும் வருவார், அரக்கோணம் தபால் ஆபீஸில் வேலை. முதலில் ஜன்னலோர இடம் கொடுத்தார், பிறகு வாரப் பத்திரிகை கொடுத்தார், பிறகு கொடுக்க ஒன்றும் இல்லாமலேயே பேசிக்கொண்டிருந்தோம். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அவரைத் தவிர வேறு யாரையும் கட்டிக்கொள்ளும் எண்ணம் எனக்கு இல்லை. வீட்டில் சொல்ல இரண்டு பேருக்கும் தைரியமும் இல்லை. அதனால் அவர் ஒரு தரகரைப் பிடித்து, அந்தத் தரகரே கண்டுபிடித்த வரன் போல இரண்டு வீட்டிலும் பேசவைத்தார். ஆடிக் கிருத்திகைக்கு மலைக்கு வரும்போது அப்படியே பெண் பார்த்துவிடலாம் என்று அவர் அம்மாவும் ஒத்துக்கொண்டார். "எங்கம்மா வூட்டுக்குள்ள கால வெச்ச ஒடனே முடிவு பண்ணிடும். அப்புறம் சாமியே வந்து சொன்னாலும் மாத்திக்காது" என்று ரயிலில் என்னிடம் சொன்னார். எனக்கு உடனே அந்த எண்ணெய் வட்டங்கள் கண்முன் வந்தன.

அம்மா நைனாவிடம் போய்ப் பெண் பார்க்க வரும் விஷயத்தைச் சொல்லி, கூடத்தை மட்டுமாவது வெள்ளையடித்துத் தரச்சொன்னார். நைனா உடனே ஒத்துக்கொண்டார். அங்கேதான் வினை ஆரம்பித்தது. ஆளைக் கூப்பிட்டு, வழக்கமான சுண்ணாம்பு மட்டையால் அடித்திருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். மட்டையால் அடித்தால் சுவரில் கோடு விழும், கோடு விழுந்த துணி ரெண்டாம் தரம், நம்ம வீட்டுப் பெண்ணை ரெண்டாம் தரச் சுவருக்கு முன்னால் உட்கார வைப்பதா என்று கேட்டார். பம்பு வைத்துத்தான் அடிக்க வேண்டும், ஒரு நல்ல பம்பு வாங்கிவிட்டால் எல்லா போர்ஷனுக்கும் ஆயுசுக்கும் ஆகும் என்றார்.

திருவாலங்காட்டில் கரும்பு போட்டிருந்த உறவுக்காரர் ஒருவரிடமிருந்து, பூச்சி மருந்து அடிக்கும் பித்தளைப் பம்பு முதலில் வந்தது. அதில் தண்ணீரை நிரப்பி, முருங்கை மரத்தில் கட்டிய நூலின்மேல் அடித்தார். பாவுக்குக் கஞ்சி போட்டால் இழை ஒன்றோடொன்று ஒட்டக்கூடாது, ஒவ்வோர் இழையிலும் பனி இறங்கியதுபோல நிற்கவேண்டும். பித்தளைப் பம்பு பொத்துப் பொத்தென்று அடித்ததில் நூலெல்லாம் ஒட்டிச் சடையாகிவிட்டது. "இது மழ. எனக்கு வேண்டியது பனி" என்று அதை மூலையில் போட்டார். அடுத்து, அரக்கோணம் ரோட்டில் லாரிக்குப் பெயின்ட் அடிக்கும் ஷெட்டிலிருந்து ஒரு கம்ப்ரஸர் வண்டியில் ஏறி வந்தது. அதைப் போட்டதும் வரிசை முழுவதும் பல்பு மங்கி, கடைசி போர்ஷனில் ரேடியோ செய்தியின் பாதியில் நின்றது. அது விட்ட காற்றில் நூல் அறுந்து முருங்கைக் கிளையில் போய்ச் சுற்றிக்கொண்டது. பியூஸும் போயிற்று. அன்று குடித்தனக்காரர்கள் எல்லோரும் வாசலுக்கு வந்து நின்று நைனாவைப் பார்த்த பார்வையில் வேறு யாராக இருந்தாலும் மட்டைக்குத் திரும்பியிருப்பார்கள்.

அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. "நைனா, நீங்க அடிக்கப்போறது சுவருக்குத்தானே, நூலுக்கு இல்லையே" என்றார்.

"ஆங், சுவருக்குத்தான் டீச்சரம்மா. ஆனா சுவத்த ஏமாத்தலாம், நூல ஏமாத்த முடியாது" என்றார் அவர்.

"மட்டைய எடுத்து நாலு இழுப்பு இழுத்தா முடிஞ்சிபூடும். இவரு நூலுக்கு ஜாதகம் பாத்துகினு கீறாரு" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது.

கிருத்திகை நெருங்கிக்கொண்டே இருந்தது. மெட்ராஸுக்குப் போய் மூர் மார்க்கெட்டில் தேடி, கொசு மருந்து அடிக்கும் பம்புக்கு அண்ணன் மாதிரி ஒன்றை நைனா கொண்டுவந்தார். பிடியை இழுத்துத் தள்ளினால் முன்னால் இருந்த டப்பாவிலிருந்து புகைபோல வந்தது. நூலில் அது விழுந்த அழகை நானும் ஒத்துக்கொள்ளத்தான் வேண்டும். ஒவ்வோர் இழையிலும் தனித்தனியாகத் துளி நின்றது. நைனா அதை வெயிலில் பார்த்தார், நிழலில் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றிவிட்டுப் பார்த்தார். தேர்வு முடிந்தது. எல்லாச் சோதனையும் வெறும் தண்ணீரில் நடந்தது என்பது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

ஆடிப் பரணி அன்று காலை, தெருவில் காவடிகள் அரோகரா என்று மலைக்குப் போய்க்கொண்டிருக்க, நைனா எங்கள் கூடத்தில் வேலையை ஆரம்பித்தார். சுண்ணாம்பைக் கரைத்து, நீலம் கலந்து, சுவரில் ஒட்டுவதற்குக் கஞ்சியும் ஊற்றியிருந்தார். பம்பை எடுத்து நடுச்சுவரில் அடித்தார். ஒரு முறம் அளவுக்கு நிலா மாதிரி ஒரு வெள்ளை விழுந்தது. அத்தோடு பம்பு அடைத்துக்கொண்டது. அதன் ஓட்டை ஊசிமுனை அளவு. சுண்ணாம்பிலோ கல்லும் கப்பியும். ஊசியால் குத்திவிட்டு அடித்தார், மறுபடி அடைத்தது. வேட்டியில் வடிகட்டினார், அடைத்தது. மஸ்லின் துணியில் வடிகட்டினார், அடைத்தது. கஞ்சிதான் காரணம் என்று முடிவு செய்து, கஞ்சியில்லாமல் புதிதாகக் கரைத்தார். அதுவும் அடைத்தது. மத்தியானம் தாண்டியும் அந்த முறம் அளவு வெள்ளைதான். அது அத்தனை சுத்தமாக இருந்ததால் சுற்றியிருந்த எண்ணெய் வட்டங்கள் முன்னைவிடக் கருப்பாகத் தெரிந்தன.

நான் அழுதுவிட்டேன். பெரியவர் என்றுகூடப் பார்க்காமல், "என் வாழ்க்கையோட விளையாடிட்டீங்க நைனா" என்றேன். அவர் ஊசி குத்திய விரல்களைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் மனைவி உள்ளே வந்தார். சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பிறகு விறுவிறுவென்று போய் மூலையில் கிடந்த பித்தளைப் பம்பைக் கழுவி எடுத்துவந்தார். அந்த அம்மாள் அடிக்க, என் அம்மா வாளியைப் பிடிக்க, சாயங்காலத்துக்குள் கூடம் முடிந்தது. நைனா வாசற்படியில் நின்று, "துளி பெருசு" என்று ஒரே ஒரு முறை சொன்னார். அவர் மனைவி திரும்பிப் பார்த்த பிறகு அதையும் சொல்லவில்லை.

மறுநாள் சுவர் காய்ந்து பளிச்சென்று இருந்தது. பூச்சி மருந்து வாடை மட்டும் போகவில்லை, அம்மா போட்ட சாம்பிராணியையும் மீறி வந்தது. மலையிறங்கி, நெற்றி நிறைய விபூதியோடு மகனுடன் வந்த மாப்பிள்ளையின் அம்மா மூக்கை உறிஞ்சி, "மூட்டப்பூச்சி இல்லாத வூடு போல கீது" என்றார். எனக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு அவர் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார். அடுத்த நிமிடமே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. கஞ்சி போடாத சுண்ணாம்பு. அவர் தண்ணீர் குடிக்க எழுந்தபோது, கருநீலப் பட்டுப் புடவையின் முதுகு முழுவதும் வெள்ளை.

வாசலில் நின்றிருந்த நைனா உள்ளே வந்துவிட்டார். "அம்மா, தப்பு என்னுது. கஞ்சி போடல. பொண்ணு மேல ஒண்ணும் இல்ல" என்றார்.

அந்த அம்மாள் தலையைத் திருப்பித் தன் முதுகைப் பார்த்துக்கொண்டார். "கஞ்சி போடாம எவனாவது சுண்ணாம்பு அடிப்பானா? எங்கூட்லயும் தறிதான். நாலு போர்ஷன் வாடகைக்கி வுட்டுகினு கீறேன், எனக்குத் தெரியாதா?" என்றார். ஏன் போடவில்லை என்று நைனா விளக்க ஆரம்பித்தார். விளக்கம் பம்புக்குப் போய், பம்பு முற்றத்துக்குப் போய், கடைசியில் இரண்டு பேரும் முருங்கை மரத்தடியில் நூல் கட்டிக்கொண்டிருந்தார்கள். மூர் மார்க்கெட் பம்பை அந்த அம்மாளே வாங்கி அடித்துப் பார்த்தார், இழையைத் தொட்டுப் பார்த்தார். "பம்புன்னா இதான். நூலு பொய் சொல்லாது" என்றார். நான் காபித் தட்டோடு கூடத்தில் நின்றுகொண்டிருந்தேன். என்னைப் பார்க்க அங்கே ஒருவரும் இல்லை. மாப்பிள்ளை மட்டும் இருந்தார், அவரும் சிரிப்பை அடக்க மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

ரயிலுக்கு நேரமாயிற்று. கிளம்பும்போது என் அம்மா தயங்கித் தயங்கி, "பொண்ண நீங்க சரியாவே பாக்கலியே" என்றார்.

"நான் எதுக்கு டீச்சரம்மா பாக்கணும்? இவன்தான் தெனம் ரயில்ல பாத்துகினு கீறானே. லீவு நாள்லகூட வெள்ளன எழுந்து தலை சீவிக்கினு போறவன எனக்குத் தெரியாதா? நகரியில கிளம்பும்போதே பேசி முடிச்சிட்டுத்தான் வந்தேன்" என்றார் அந்த அம்மாள்.

அவர்கள் தெருமுனை திரும்பியதும் நைனா கிணற்றடியில் கவிழ்த்திருந்த சுண்ணாம்புத் தொட்டியின்மேல் உட்கார்ந்தார். என்னைக் கூப்பிட்டார். "இன்னாமா, அப்போ நான் சுவர் அடிக்காம வுட்டிருந்தாலும் இந்தக் கல்யாணம் நடந்திருக்குமா?" என்று கேட்டார்.

நடந்திருக்கும். அது எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியாமல் இல்லை. சுண்ணாம்பு பட்டுச் சிவந்த கண்ணோடு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "நடந்திருக்காது நைனா" என்றேன்.

அவர் தலையாட்டினார். எழுந்து முதல் போர்ஷனுக்குப் போய், "கேட்டியா, பொண்ணு இன்னா சொல்லுதுன்னு கேட்டியா" என்று மனைவியிடம் சொல்வது வரிசை முழுவதற்கும் கேட்டது. நைனா போய்ப் பல வருஷம் ஆகிவிட்டது. இந்தக் கதையை யாரிடமாவது சொன்னால் என் கணவர் இன்றைக்கும் இந்த இடத்தில் குறுக்கிட்டு, உண்மையைச் சொல்லியிருக்கலாமே, நைனா ஒன்றும் நினைத்துக்கொண்டிருக்க மாட்டார் என்பார். அவர் அன்று அம்மாவோடு ரயிலுக்குப் போய்விட்டார். நைனாவின் ஊசி குத்திய விரல்களை அவர் பார்க்கவில்லை.