மூடியிருந்த திருகு

மருந்துக் கம்பெனி ஆய்வகத்தில் அம்மாவுக்கு வைத்த பெயர் சொட்டு மேடம். வைத்தவர்களுக்கு அதை நேரில் சொல்லத் தைரியம் கிடையாது. அவளுக்குத் தெரியும். “அவனுங்க மூளையில அதுகூட சொட்டாது” என்பாள் மகளிடம்.

வேலை இதுதான். செங்குத்தாக நிறுத்திய கண்ணாடிக் குழாயில் சிலிக்காத் தூளை விரிசலில்லாமல் நிரப்பி, மேலே கலவையை விட்டு, அதன்மேல் கரைப்பானை ஊற்றிக்கொண்டே இருப்பது. தூளோடு ஒட்டாத பொருள் முதலில் இறங்கும், ஒட்டுவது பின்தங்கும். கலவை பட்டை பட்டையாகப் பிரியும். அடியிலுள்ள திருகைச் சற்றே திறந்து ஒவ்வொரு பட்டையையும் தனிக் குடுவையில் பிடிக்க வேண்டும். அவசரப்பட்டால் எல்லாம் ஒன்றாக வந்து தொலையும்.

மனிதர்களையும் அவள் அப்படித்தான் பிரித்தாள். “உங்கப்பா எதுலயும் ஒட்டாத ஆளு. முதல் சொட்டோடயே இறங்கிப் போயிட்டாரு.” மேலாளர் நேரெதிர். “உச்சியில ஒட்டிக்கிட்டவன். எதை ஊத்தினாலும் நகரமாட்டான்.” மகளும் வேதியியல் படித்தவள், இதே வேலையைப் பம்பு வைத்த இயந்திரத்தில் செய்கிறவள். அவளுக்கும் இந்த ஏச்சில் பங்கு உண்டு. “பட்டனை அமுக்க எதுக்குடி பட்டம்?”

அன்று காலை ஆய்வகத்திலிருந்து போனில் பேசிய அம்மாவுக்கு மூச்சு வாங்கியது. நெஞ்சில் ஏதோ அழுத்துகிறது என்றாள், பக்கத்து வீட்டுக்காரிக்கு வலி என்பதுபோல.

“திருகை மூடிட்டு ஆஸ்பத்திரிக்குப் போம்மா.”

“ரெண்டு மஞ்சள் பட்டையும் இப்பதான் பிரியுது. நிறுத்தினா பட்டை பரவி ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். பாதியில மூடுறவ சோம்பேறி.”

“கொஞ்சம் அகலமாகும். கலக்காது.”

“மிஷின்காரி எனக்குச் சொல்லித் தர்றியா? வை போனை.”

மதியத்துக்குள் அம்மா இல்லை.

எல்லாம் முடிந்தபின் மகள் அம்மாவின் கைப்பையை வாங்கப் போனாள். மேலாளர் குரலைத் தாழ்த்தி, “வேலைக்காக உயிரையே குடுத்தாங்க” என்றார். அடுத்த மூச்சிலேயே குழாயைக் காட்டி, “அந்த இடம் வேற வேலைக்கு வேணும். வடிச்சுக் கொட்டிடலாம்” என்றார்.

கொட்ட மகளும் தயார்தான். இரண்டு மஞ்சளுக்காகச் செத்தவளின் குழாயை உடைத்தே போட்டிருப்பாள். கிட்டப் போனாள். திருகு மூடியிருந்தது. தூளுக்கு மேல் கரைப்பான் நின்றது. தூள் காய்ந்து விரிசல் விடவில்லை.

“யாரு மூடினது?”

பக்கத்து மேசைப் பெண் தயங்கினாள். “மேடம்தான். ஆஸ்பத்திரிக்குப் போறேன்னு பையை மாட்டினாங்க. கதவுகிட்ட விழுந்துட்டாங்க.” பிறகு சொன்னாள்: “கிளம்பும்போது ஒண்ணு சொன்னாங்க. நான் மூடினதை என் பொண்ணுகிட்ட சொல்லிடாதே, தலைகால் தெரியாம ஆடுவான்னு.”

மகள் ஸ்டூலை இழுத்து உட்கார்ந்தாள். மஞ்சள் பட்டைகள் இரண்டும் கொஞ்சம் அகன்றிருந்தன. கலக்கவில்லை. தான் போனில் சொன்னது சரிதான். சொல்லிக்காட்டத்தான் ஆள் இல்லை.

சுத்தமான குடுவையை அடியில் வைத்துத் திருகைத் திறந்தாள்.

“உங்களுக்கு எதுக்கும்மா சிரமம்” என்று மேலாளர் மேசைமேல் சாய்ந்தார்.

“மேசையை ஆட்டாதீங்க. வேலை இல்லைன்னா வெளிய போய் நில்லுங்க.”

பக்கத்து மேசைப் பெண் கரைப்பான் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் கைக்கு எட்டும்படி வைத்தாள்.