செனட்டர் தின்ற மீன்தலை

மெடி அக்காவைப் பற்றி எந்தப் பத்திரிகைக்காரன் வந்து கேட்டாலும் நான் வாயைத் திறப்பதில்லை. இன்று சொல்லித் தொலைக்கிறேன். அவள் என் பெரியம்மா மகள். பங்கிலன் விரிகுடாவில், பாதரசச் சுரங்கத்துக்குக் கீழே, எங்கள் இரண்டு வீடுகளும் ஒட்டி இருந்தன.

பெரியம்மாவுக்கு நாற்பது வயதிலேயே கை நடுங்கத் தொடங்கியது. சோற்றை வாய்க்குக் கொண்டுபோவதற்குள் பாதி மடியில் விழும். சூனியம் என்றார்கள் ஊரில். பத்து வயது மெடி மட்டும் சுரங்கத்து ஓடைத் தண்ணீரைச் சோடாப் புட்டிகளில் பிடித்து வைத்து, எந்தப் புட்டியில் மீன்குஞ்சு முதலில் சாகிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள். "இதுக்குப் பைத்தியம்தான்டி பிடிச்சிருக்கு" என்று நாங்கள் சிரித்தோம். பெரியம்மா செத்தபோது யாரும் சிரிக்கவில்லை.

கன்னியாஸ்திரீகள் அவளைப் படிக்கவைத்தார்கள். மணிலாவில் வேதியியலில் டாக்டர் பட்டம் வாங்கினாள். வெளிநாட்டில் வேலைக்குக் கூப்பிட்டும் போகாமல் கத்தரிக்கோலோடு ஊருக்குத் திரும்பினாள். வீடு வீடாகப் போய் முந்நூறு பேரின் பிடரி மயிரை வெட்டி, காகித உறைகளில் போட்டுப் பெயர் எழுதினாள். உடம்பில் சேரும் பாதரசம் மயிரில் தங்குமாம். "சலூன் டாக்டர் வந்தாச்சு" என்று கிண்டல் வேறு. முந்நூறில் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கு அளவுக்கு மேல். எல்லாம் மீன் வழியாக வந்தது. அந்த அறிக்கையை ஒரு அதிகாரிகூடப் புரட்டிப் பார்க்கவில்லை.

"கெஞ்சிக் கெஞ்சி வாய் வலிக்குது பியாங். கையெழுத்துப் போடுற நாற்காலியில நாமே போய் உட்கார்ந்தாத்தான் ஆகும்" என்றாள் என்னிடம். முதலில் மேயர், பிறகு நாடாளுமன்றக் கீழவை, கடைசியில் மேலவையான செனட், கட்சித் தலைமை. பதினெட்டு வருஷம் ஆனது. சுரங்கத்தை மூடவும், விரிகுடாவில் மீன்பிடிப்பை நிறுத்தி எங்களுக்கு வேறு பிழைப்புத் தரவும் மசோதா கொண்டுவந்தாள். ஓட்டெடுப்புக்கு மூன்று வாரம் இருக்கும்போது ஊர்த் திருவிழா வந்தது.

என் மகள் மரிவிக் அப்போது ஏழு மாதக் கர்ப்பிணி. அக்கா சொல்லைக் கேட்டு, கர்ப்பம் என்று தெரிந்த நாளிலிருந்து மீனையே தொடவில்லை. அந்தப் பிள்ளைக்காகவாவது மசோதா ஜெயிக்க வேண்டும் என்று நான் தினமும் மெழுகுவர்த்தி ஏற்றினேன். ஏற்றி என்ன, புத்தி வேண்டாமா?

திருவிழா அன்று எங்கள் ஊரில் எந்தக் கதவும் அடைபடாது. படியேறியவன் எதிரியானாலும் சாப்பிட வேண்டும். வைத்ததை ஒதுக்கினால் வீட்டையே காறித் துப்பியதாக அர்த்தம். அக்காவோ மூன்று திருவிழாவாகச் சோறும் பன்றிக்கறியும் மட்டும் தின்றுவிட்டுப் போனாள். "நம்ம ஓட்டு இனிக்குது, மீன் கசக்குதாக்கும்" என்று ஊர் பேசியது. கேட்டுக் கேட்டு எனக்கு ரத்தம் கொதித்தது.

அன்று கூடம் நிறைய ஆள். புளிச்சாற்றில் நானே வேகவைத்த களவா மீனின் தலையை எடுத்து அக்கா தட்டில் வைத்தேன்.

"பியாங், வேணாம்டி. உனக்குத் தெரியாததா?"

"ஒரு வாய் தின்னா செத்தா போயிடுவே? என் சமையலும் விஷமா? இத்தனை பேர் முன்னாடி என்னைத் தலைகுனிய வைக்காதக்கா."

அவள் என்னையே பார்த்தாள். ஓட்டுப் போட்ட சனமெல்லாம் அவள் வாயைப் பார்த்தது. கன்னத்துச் சதையைக் கிள்ளித் தின்றாள். கைதட்டல் காதைப் பிளந்தது. யாரோ செல்போனில் படம் எடுத்தார்கள்.

செனட்டில் சுரங்கத்துக்குப் பரிந்து பேசிய ஒருவர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிக் காட்டினாராம். "விஷம் விஷம்னு கத்தினவங்க மீன் தலையையே சப்பியிருக்காங்களே!" என்றதும் மன்றமே சிரித்ததாம். ஒரு வாய் கொல்லாது, வருஷக்கணக்கில் தின்றால்தான் கொல்லும் என்று அவள் விளக்கியதை யார் கேட்டார்கள்? மசோதா நாலு ஓட்டில் தோற்றது.

நான் போனில் அழுதேன். "நீ வெச்சதால இல்ல பியாங். தின்னது நான்தானே" என்றாள். திட்டியிருந்தால் தேவலை.

இப்போது சந்தையில் மீன்கடைதோறும் அந்தப் படம் தொங்குகிறது. நேற்று மத்தியானம் வீட்டுக்குள் நுழைந்தால், மரிவிக் நிறைமாத வயிற்றோடு களவா குழம்பை வழித்து வழித்துத் தின்றுகொண்டிருந்தாள். பாய்ந்து தட்டைப் பிடுங்கினேன்.

"விடும்மா! எத்தனை மாசமா நாக்கு செத்துக் கிடக்கு. மெடி பெரியம்மாவே தின்னாங்க, அதுவும் நீ வெச்சு. எனக்கு மட்டும் என்னவாம்?"

கையை நீட்டினாள். தட்டைக் கொடுத்துவிட்டேன்.