கச்சேரி உத்தியோகத்தை மச்சான் விட்டபோது

மச்சான் புத்தளம் கச்சேரியில், சர்க்கார் அலுவலகத்தில், கிளாக்கராக இருந்தார். வெள்ளைக்காரன் காலத்தில் எங்கள் எத்தாளையில் அப்படி ஒரு சர்க்கார் உத்தியோகம் கிடைத்தவர் அவர் ஒருவர்தான். வாப்பாவின் கூடப்பிறந்த மாமியின் மகன். நான் பெரிய பிள்ளையான கையோடு என்னை அவருக்கென்று பேசி வைத்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பின்னேரங்களில் களப்பில் வள்ளம் ஏறி ஊருக்கு வருவார். புத்தளத்து பேக்கரிப் பாண் கொண்டு வருவார். வாப்பா அவரைப் பக்கத்தில் இருத்தித்தான் சாப்பிடுவார்.

"சர்க்கார் சம்பளம். வயசு போனா பென்ஷன். மழை பெய்ஞ்சா என்ன, பெய்யாட்டி என்ன," என்பார். மழைக்கும் வெயிலுக்கும் பயந்து பயந்து புகையிலை நட்டே வாழ்ந்தவர் அவர்.

நோன்புப் பெருநாளைக்குப் பிறகு கலியாணம் என்று முடிவாகியிருந்தது. அதற்கு முந்திய ஒரு வெள்ளிக்கிழமை, மச்சான் சோற்றில் கை வைக்காமலே கதையைத் தொடங்கினார். கொழும்பில் நம்மவர்கள் சிலர் சேர்ந்து புதிதாக ஒரு வங்கி தொடங்குகிறார்கள், கணக்கும் இங்கிலீசும் தெரிந்த ஆள் தேடுகிறார்கள், புத்தளத்துக்கு வந்துபோகும் கொப்பரா வியாபாரி ஒருவர் தன்னைப் பற்றி அங்கே சொல்லியிருக்கிறார் என்றார்.

"பென்ஷன் இருக்கா?" என்று வாப்பா கேட்டார்.

"இல்ல மாமா. வங்கி நின்டு புடிச்சா நல்ல எடத்துக்கு வரலாம்."

"புடிக்காட்டி?"

"புடிக்காட்டி வேற வேல தேடத்தான் வேணும்."

வாப்பா கையைக் கழுவினார். "அதுல வட்டித் தொழில் வேற. கச்சேரிய உட்டுட்டுப் போற ஆளுக்கு என்ட புள்ளயத் தர ஏலாது. யோசிச்சுக்க."

உம்மா சோற்றுச் சட்டியோடு நின்ற இடத்திலேயே நின்றார்.

மறுநாள் காலை நான் கிணற்றடியில் மீன் கழுவிக்கொண்டிருந்தேன். மச்சான் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றார். பேசிவைத்த பிறகு அவர் என்னோடு தனியாகக் கதைத்தது அந்த ஒரு தடவைதான்.

"நீ வேணாண்டு சொன்னா நான் போகல்ல," என்றார்.

"கச்சேரியில என்ன குறை?"

"குறை ஒண்டும் இல்ல. மத்தவன் எழுதினதப் பாத்து எழுதுறன். தலை நரைக்கும் வரைக்கும் அதத்தான் எழுதுவன். நம்மட சனம் வெள்ளைக்காரன்ட வங்கிப் படி ஏறவே பயப்படுது. இது நம்மட ஆக்கள் தொடங்குறது. அதுல முதல்ல இருந்தே நிக்கோணும் போல இருக்கு."

அவர் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன்பு கண்டதில்லை. வேண்டாம் என்ற சொல் நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் நின்றுவிடுவார் என்றும் தெரியும். அந்த வெளிச்சம் போன முகத்தோடு ஆயுள் முழுக்க எப்படி வாழ்வது?

"போங்க மச்சான். வாப்பாட்ட நான் கதைக்கிறன்," என்றேன்.

கதைத்தேன். எங்கள் வீட்டில் ஒரு குமர்ப்பெண் தன் கலியாணத்தைப் பற்றித் தானே வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. வாப்பா கோபப்படவில்லை. தேத்தண்ணியைக் குடித்து முடித்துவிட்டு, "நீ சின்னப் புள்ள. பசிண்டா என்னண்டு தெரியாது," என்றார். அவ்வளவுதான்.

மச்சான் வேலையை விட்டுவிட்டுக் கொழும்புக்குப் போனார். போகும்போது வாப்பாவிடம் கலியாணத்துக்கு ஒரு வருஷம் தவணை கேட்டார். வாப்பா அதற்குக் காத்திருக்கவில்லை. பெருநாள் முடிந்ததும், அனுராதபுரத்தில் சர்க்கார் வேலையில் இருந்த ஒருவரை எனக்குப் பேசினார்கள். சம்மதம் கேட்க வந்த பெரியவர்கள் திரைக்கு வெளியே நின்று கேட்டார்கள். எனக்கு அழத்தான் முடிந்தது. குமர்ப்பிள்ளையின் அழுகையும் சம்மதம்தான் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மாமி கலியாணத்துக்கு வரவில்லை. கூடப்பிறந்தவரின் வாசலை அதற்குப் பிறகு அவர் மிதிக்கவும் இல்லை.

என் கணவர் நல்ல மனிதர். என் மனம் நோக ஒரு சொல் சொன்னதில்லை. மாற்றலாகிப் போன ஊர்களிலெல்லாம் வீடு இருந்தது, அலுமாரி இருந்தது, கதிரைகள் இருந்தன. பின்னேரங்களில் தனியாக இருக்கும்போது மட்டும் களப்பில் வள்ளம் வரும் நேரம் ஞாபகம் வரும்.

பிறகு ஜப்பான்காரன் சண்டை வந்தது. கொழும்பில் குண்டு விழ, சனம் ஊர் ஊராக ஓடியது. மச்சானின் வங்கியையும் பூட்டிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டோம். வாப்பா அப்போது எங்கள் வீட்டில் தங்கியிருந்தார். "பாத்தியா" என்று ஒரு சொல் சொல்வார் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அன்றைக்கு அவர் சரியாகச் சாப்பிடவும் இல்லை. சில மாதங்களில் வங்கி மறுபடியும் திறந்தது. மச்சான் குருநாகலில் அதன் கிளைக்குப் பொறுப்பாக இருக்கிறார், அங்கேயே கலியாணமும் முடித்துவிட்டார் என்று உம்மா வந்து சொன்னார். சந்தோஷம் என்றேன். உண்மையாகவே சந்தோஷம்தான். பிறகு குசினிக்குள் போய் அடுப்பைப் பார்த்தபடி நெடுநேரம் நின்றேன்.

வாப்பா நோயில் விழுந்தபோது மச்சான் பார்க்க வந்தார். கன்னம் ஒட்டியிருந்தது. நடை மட்டும் பழைய நடைதான்.

"சொகமா இருக்கீங்களா?" என்று என்னைக் கேட்டார். இன்னொருவர் மனைவியைக் கேட்கிற மரியாதை.

"ஓம்," என்றேன்.

வாப்பாவின் கட்டிலருகில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டார். அவர் போன பிறகு வாப்பா என்னைக் கூப்பிட்டார்.

"நான் ஒனக்கு நல்லதத்தான் நெனச்சன் மகள்."

"தெரியும் வாப்பா."

பொய் சொல்லவில்லை. அது எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அவரை வெறுக்க முடிந்திருந்தால் கொஞ்சம் ஆறியிருக்கும். போர்வையை இழுத்து அவர் கால்களை மூடிவிட்டேன்.