உள்ளே இருப்பவர்: 0417

பேய் ராத்திரி பன்னிரண்டு மணிக்குத்தான் வரும் என்று நம்புகிறவர்கள் இதைப் படித்துப் பகல் தூக்கத்தையும் கெடுத்துக்கொள்ள வேண்டாம். இது பட்டப்பகலில் நடந்தது. 2010, டிசம்பர் 12, ஞாயிற்றுக்கிழமை, கடலூரில். எழிலனுக்கு நடந்தது. அவன் கதை கட்டுகிற ஆள் இல்லை. லீவு கேட்பதற்குக்கூட அவனுக்கு ஒரு பொய் சொல்ல வராது. அதனாலேயே பாவம், லீவும் கிடைக்காது.

குமராட்சிப் பையன். ஒன்றரை வருஷம் பயோடேட்டாவும் கையுமாக அலைந்து, சிதம்பரத்தில் ஒரு சின்ன கம்ப்யூட்டர் கம்பெனியில் சேர்ந்து மூன்றாவது மாதம். கடலூர் கெமிக்கல் ஃபாக்டரி ஒன்றில் யார் யார் உள்ளே இருக்கிறார்கள், யாருடைய கார்டுக்கு எந்தக் கதவு திறக்கும் என்பதையெல்லாம் ஒரு பழைய மென்பொருள் பார்த்துக்கொண்டிருந்தது. கதவு, வருகைப் பதிவு, கேன்டீன் எல்லாம் அதோடு பின்னிக் கிடந்தன. எல்லாவற்றையும் பிரித்துப் புது வெர்ஷனோடு இணைக்க வேண்டும். அதுவும் மாலை ஆறு மணிக்குள். திங்கள் காலை முன்னூறு பேர் கார்டும் கையுமாகக் கேட்டில் நிற்பார்கள். "சொதப்புனா நாளைக்கு நீ ஆபீஸ் பக்கமே வராத" என்று முதலாளி ஞானசேகரன் முன்கூட்டியே வாழ்த்தி அனுப்பியிருந்தார்.

ஃபாக்டரிக்கு விடுமுறை. கேட்டில் செக்யூரிட்டி கலியமூர்த்தி, உள்ளே எத்தனை பேர் என்று காட்டுகிற ஒரு போர்டு. உள்ளே கம்ப்யூட்டர் ரூமில் எழிலன். அந்த அறைக்கு ஜன்னல் கிடையாது. போவதற்கும் கார்டு, வருவதற்கும் கார்டு. செல்போன் சிக்னலும் வராது.

1:40. எல்லாம் இணைத்தாயிற்று. புது வெர்ஷனை ஓடவிட்டான். மறுத்துவிட்டது. வேலை செய்கிறவனைத் தவிர வேறு யாராவது உள்ளே இருந்தால் அது மாறாது. கதவுகள் நடுவில் பூட்டிக்கொண்டால் ஆள் மாட்டிக்கொள்வார் அல்லவா, அதற்காக வைத்த விதி.

திரையில், உள்ளே: 2.

ஒன்று எழிலன். இன்னொன்று எண் 0417, தங்கராசு. உள்ளே வந்தது 2006, ஜூலை 9, பகல் 1:52. வெளியே போன நேரம்... காலியாக இருந்தது.

எழிலன் வராந்தாவுக்கு வந்து ஞானசேகரனுக்குப் போன் போட்டான்.

"ஏதோ பழைய குப்ப எழிலா. அழிச்சிட்டு மேல போ."

"யாருன்னு கேட்டுட்டு அழிக்கவா சார்?"

"மணி பாத்தியா?"

திரும்பி வந்தான். 0417-ஐ அழித்தான். உள்ளே: 1. அப்பாடா என்றிருந்தது.

அப்போது வெளியே எங்கேயோ ஒரு கதவில்... பீப்.

மணி 1:52. திரையில் ஒரு புது வரி. 0417, முதல் கதவு.

அழித்த எண் எப்படி வரும்? மறுபடி அழித்தான்.

1:58. பீப். 0417, இரண்டாம் கதவு.

வராந்தாவில் ரப்பர் பூட்ஸ் சத்தம். சளக்... சளக்... அவசரமே இல்லாத நடை.

"யாரு? கலியமூர்த்தி அண்ணனா?"

சத்தம் நின்றது.

2:03. பீப். இந்த அறையின் கதவு. பச்சை விளக்கு எரிந்தது. கதவு திறக்கவில்லை. ஏசி மட்டும் பொட்டென்று நின்றது.

திரையைப் பார்த்தான். உள்ளே: 0.

அப்படியென்றால் அவன் எங்கே இருக்கிறான்?

எழிலன் எழுந்தான். ஓடிப்போய்க் கார்டை வைத்தான். சிவப்பு. துடைத்து வைத்தான். சிவப்பு.

பெயின்டில் கலக்கிற தின்னர் வாடை வந்தது. முதலில் லேசாக. பிறகு மூக்கைப் பொத்துகிற அளவுக்கு. கண் எரிந்தது. மூச்சு முட்டியது.

கதவைத் தட்டினான். டம். டம். டம்.

பதிலுக்கு யாரோ தட்டினார்கள்.

டம்... டம்... டம்...

வெளியிலிருந்து இல்லை. அவனுக்குப் பின்னால். அறைக்குள்ளிருந்து.

திரும்பிப் பார்க்கவில்லை அவன். சத்தியமாகப் பார்க்கவில்லை. சுவரோடு சுவராக நகர்ந்து கீபோர்டைப் பிடித்தான். மறுபடி அந்தப் பெயரைப் போட்டால் புது வெர்ஷன் ஓடாது. ஆறு மணி போய்விடும். வேலை போய்விடும். தெரியும் அவனுக்கு.

"அண்ணே... யாருன்னு கேக்காம அழிச்சிட்டேண்ணே. தப்புதான். போட்டுடறேன்..."

0417. தங்கராசு. 2006, ஜூலை 9. உள்ளே இருக்கிறார்.

தட்டுவது நின்றது.

பீப்.

பச்சை. கதவு தானாகத் திறந்தது. 2:41.

எழிலன் எப்படி ஓடினான் என்று அவனுக்கே தெரியாது. கேட்டில் கலியமூர்த்தி பூட்டும் சாவியுமாக எழுந்து நின்றுகொண்டிருந்தார்.

"என்னா சார், உள்ளதான் இருந்தீங்களா? போர்டுல சைபர்னு காட்டிச்சி. நான் சாப்புடப் போனப்ப கெளம்பிட்டீங்கன்னு நெனச்சேன். பூட்டிட்டு வூட்டுக்குப் போவலாம்னு இருந்தேன். நாளைக்குக் காலைலதான் தொறந்திருப்பேன்."

எழிலன் கேட்டைப் பிடித்துக்கொண்டான். அங்கேயே உட்கார்ந்துவிட்டான்.

"தங்கராசுன்னா யாருண்ணே?"

கலியமூர்த்தியின் முகம் செத்துப்போனது.

"கிளீனிங் ஆளு சார். நீங்க இருந்த ரூமு அப்ப தின்னர் ஸ்டோரு. ஞாயித்துக்கெழம உள்ள போனாரு, கதவு பூட்டிக்கிச்சி. திங்கக்கெழம காலைல தொறந்தப்ப... கதவோட சாஞ்ச மாதிரியே இருந்தாரு."

"ராத்திரி முழுக்க யாருமே பாக்கலியா? உள்ள ஒரு ஆளுன்னு போர்டுல காட்டியிருக்குமே?"

"காட்டிச்சி சார்."

"அப்புறம்?"

"மெஷின் கோளாறுன்னு நெனச்சி, நாந்தான் சார் அழிச்சிட்டு வூட்டுக்குப் போனேன்."